ரேடியோவைப் பிரிக்காதீர்கள்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் உருளிக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே வால்வு ரேடியோக்கள் உட்கார்ந்திருக்கும். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ். மரப் பெட்டிக்கு பாலிஷ் போட்டு, முன்பக்கத் துணியை மாற்றி மினுங்க வைத்திருப்பார்கள். போன மாதம் ஒரு மர்ஃபியைத் திருப்பி, பின்பக்க அட்டையை விலக்கிப் பார்த்தேன். ஐந்து சாக்கெட்டும் காலி. ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் யாரோ மொத்தமாக வாங்கிப் போய்விட்டாராம்.

என்னிடமும் அப்படி ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ஊர் அடங்கிய பிறகு, 2018-இல் மறைந்த நம் மட்டாஞ்சேரிக்காரர் உம்பாயியின் கஸலை அதில் கேட்பது என் நாளின் நல்ல நேரம். அதனால் வால்வு தேடி அலைகிறவர்களின் ஆசை எனக்குப் புரியும். அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள்தான் பணத்தையும் கெடுக்கின்றன, ரேடியோவையும் கெடுக்கின்றன.

நம்பிக்கை: பழைய ரேடியோவுக்குள் நமக்கான வால்வு இருக்கும்

பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்து ஐந்து வால்வு ரேடியோவில் வழக்கமாக இருந்தவை இசிஎச்81, இபிஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80. முதலாவது வானொலி அலையைப் பிடித்து வேறு அலைவரிசைக்கு மாற்றும். கடைசியானது மின்சாரத்தை ஏசியிலிருந்து டிசியாக்கும். ஒவ்வொன்றும் ரேடியோவின் ஒரு வேலைக்கென்றே செய்தது. இன்றைய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்கள் அதிகமும் கேட்பது இரட்டை டிரையோடு, அதாவது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு: இசிசி82, இசிசி88 போன்றவை. பெரிய ஆம்ப்ளிஃபையர் என்றால் கடைசிக் கட்டத்தில் 6080. இவை ஏஎம் ரேடியோவில் கிடைக்காது. இரட்டை டிரையோடு வேண்டுமானால், கல்யாண வீட்டு மைக் செட்டுகளில் ஓடிய வால்வு ஆம்ப்ளிஃபையர்களின் மிச்சத்தில் இசிசி83 கிடைக்கலாம்.

ஆக, அந்த மர்ஃபியைக் காலி செய்தவருக்கு அநேகமாக ஒரு பயனும் இருந்திருக்காது. ஐம்பது அறுபது வருடம் பிழைத்து வந்த ரேடியோ மட்டும் செத்துப்போனது. எனக்கு அது தாங்கவில்லை.

நம்பிக்கை: ஒன்பது பின்னும் பொருந்தினால் போதும்

இதில் நானே மாட்டிக்கொண்டேன். என் ஆம்ப்ளிஃபையரில் இரண்டு இசிசி88. அமெரிக்கப் பெயரில் சொன்னால் 6டிஜே8. அதற்கு நேர் மாற்று என்று சொல்லி ஒருவர் ரஷ்ய 6என்1பி வால்வு இரண்டை விற்றார். பொருந்தின, ஒளிர்ந்தன, பாடின. அரை மணி நேரம் கழித்துப் பெட்டியின் பின்பக்கம் கை வைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடம், உடனே கையை எடுக்கும்படி கொதித்தது.

பஜார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மிளகு மண்டிகளுக்குப் பின்னால், ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கடை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் இக்கா என்றே கூப்பிடுவோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் வால்வைக் கழற்றி எண்ணைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "மோனே, ஹீட்டர் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. இசிசி88-இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 365 மில்லி ஆம்பியர் இழுக்கும். 6என்1பி இழுப்பது 600. இரண்டு வால்வுக்குமாக 730 கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரிடம் 1,200 கேட்டிருக்கிறேன். பின் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால்தான் பாடியது. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக் கம்பி கருகியிருக்கலாம்.

இதைவிட மோசமான பொருத்தமும் உண்டு. இசிசி82-இன் ஹீட்டருக்கு இரண்டு வழி: 4, 5-ஆம் பின்களுக்கு இடையே 12.6 வோல்ட் கொடுக்கலாம். அல்லது அவ்விரண்டையும் சேர்த்து, 9-ஆம் பின்னோடு 6.3 வோல்ட் கொடுக்கலாம். இசிசி88-இல் 9-ஆம் பின் வெறும் தடுப்புத் தகட்டுக்கு. ஆகவே 12.6 வோல்ட்டுக்கு வயரிங் செய்த இசிசி82 சாக்கெட்டில் இசிசி88-ஐச் செருகினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு போகும். வால்வு காலி. மற்ற வயரிங்கில் அது சூடாகவே ஆகாது.

இசிசி81, 82, 83 மூன்றும் ஒரே பின் வரிசை, ஒரே ஹீட்டர் கணக்கு. அதனால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் பெருக்கும் திறன் 82-க்குச் சுமார் 17, 81-க்கு 60, 83-க்கு 100. கூடுதல் எண் கூடுதல் நல்லது என்று நினைத்து 82-இன் இடத்தில் 83-ஐப் போட்டால் இரைச்சலும் ஹம்மும் கூடும். 83 கொடுக்கும் மின்னோட்டமும் மிகக் குறைவு. அடுத்த கட்டத்தைத் தள்ள அதற்குத் தெம்பு போதாது.

உங்கள் ஆம்ப்ளிஃபையர் எந்த எண்ணைக் கேட்கிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் ஹீட்டர் வோல்ட், ஹீட்டர் மின்னோட்டம், பின் வரிசை, ஆனோடு தாங்கும் வோல்ட் ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். சாதாரண இசிசி88-இன் ஆனோடு 130 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இந்த ஐந்தும் சரியான பிறகு கம்பெனிப் பெயரைப் பற்றி யோசிக்கலாம்.

நம்பிக்கை: கண்ணாடியில் இருக்கும் பெயர்தான் செய்த இடம்

மல்லார்ட் என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இன்று புதிதாக வரும் மல்லார்ட் வால்வு ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் செய்தது. பெயரின் உரிமையை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கி வைத்திருக்கிறது. டங்-சோல் பெயரும் அப்படித்தான். வால்வு மோசம் என்று சொல்லவில்லை. பழைய மல்லார்டின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

பழசு என்று விற்பவற்றில் பெயரைத் துடைத்துவிட்டு மறுபடி அச்சடித்ததும் உண்டு. பிலிப்ஸ் குடும்பத்து வால்வுகளில், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் மங்கலான எழுத்துகள் கண்ணாடியில் பதிந்திருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதில் 'பி' என்ற ரோமன் எழுத்து பிளாக்பர்னையும், சிறு முக்கோணம் நெதர்லாந்தின் ஹீர்லனையும் குறிக்கும். மேலே அச்சடித்த பெயரைவிட இதை நம்பலாம்.

நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இல் தொடங்கி, 1961 முதல் ரேடியோ வால்வு செய்தது. அதன் பெட்டியைக் காட்டி "இது மல்லார்டேதான் சார்" என்று விலை ஏற்றுகிறார்கள். அதை வேறு பெயர் சொல்லி விற்க வேண்டியதில்லை. ஆனால் அதுவும் பத்து வருடம் ஓடியதா, டப்பாவிலேயே தூங்கியதா என்பதை பெயர் சொல்லாது. டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். டெஸ்டர் இல்லாவிட்டால் கண்ணாடியின் உச்சியையாவது பாருங்கள். அங்கே வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது; இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நம்பிக்கை: தங்க முலாம் பின் இருந்தால் சத்தம் இனிக்கும்

இனிக்காது. தங்கத்துக்கு ஒரே ஒரு குணம்: களிம்பு பிடிக்காது. காயலும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. இடவப்பாதி மழை இரண்டு மாதம் பெய்து முடித்தால் சாதாரணப் பின்கள் மங்கி, ஒரு பக்கக் காதில் கரகரப்பு வரும். வால்வு போய்விட்டது என்று புதுசு வாங்க ஓடுவார்கள். இக்கா என்ன செய்வார் தெரியுமா? ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் வடியும்வரை காத்திருப்பார். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒவ்வொரு பின்னையும் துடைப்பார். உப்புத்தாள் போடவே மாட்டார். வால்வை நேராக இரண்டு மூன்று முறை செருகி எடுப்பார். கரகரப்பு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

கண்ணாடியைக் கையால் தொட்டால் வால்வு வெடிக்கும் என்பதும் ஒரு பயம். அந்த எச்சரிக்கை ஹாலஜன் பல்புக்கு உரியது. சிறிய வால்வின் கண்ணாடி அவ்வளவு சூடாவதில்லை. பின் வளையாமல் பிடிப்பதுதான் முக்கியம்.

நம்பிக்கை: வால்வை மாற்றினால் ஆம்ப்ளிஃபையரே புதிதாகிவிடும்

சில நேரம் வித்தியாசம் நிஜம். தட்டினால் மணிபோல ஒலிக்கும் வால்வை மாற்றியதும் நிம்மதி வரும். இரண்டு பாதியும் சமமில்லாத வால்வை மாற்றினால், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்த பாடகர் நடுவுக்கு வருவார். ஆனால் மலிவான ஆம்ப்ளிஃபையர் பலவற்றில் வால்வு முன்னால் ஒளிர்கிறது, ஹெட்ஃபோனைத் தள்ளும் பாரம் முழுக்க டிரான்சிஸ்டர்களின் மேல் இருக்கிறது. அவற்றில் நூறு ரூபாய் வால்வுக்கும் ஐயாயிரம் ரூபாய் வால்வுக்கும் நடுவே காதுக்குக் கேட்பது மிகச் சொற்பம்.

ஒப்பிடும்போது இரண்டுக்கும் சத்த அளவைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்கப் பாடும் வால்வு எப்போதும் நல்ல வால்வாகத் தோன்றும். காதின் இயல்பு அது. 6080 போட்ட, வெளிவழியில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகிவிட்டு வால்வைக் குறை சொல்கிறார்கள். அது 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஏற்றது. ஹெட்ஃபோனை மாற்றிக் கேளுங்கள், வால்வுக்கான காசு மிச்சம்.

காலியான அந்த மர்ஃபியை நானே வாங்கி இக்காவின் மேஜையில் வைத்துவிட்டேன். என்றைக்காவது ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டலாம் என்று ஆறு வருடமாக என் அலமாரியில் கிடந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இஎல்84 முதலில் உள்ளே போனது. இபிஎஃப்89, இபிசி81, இஇசட்80 மூன்றும் அவருடைய பிஸ்கட் டப்பாவிலேயே இருந்தன. இசிஎச்81 மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.