இரண்டாயிரத்தில் நின்ற தபால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய லாக் முழுவதையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மாதக் கடைசியில் கம்பெனி மெயில் படுத்துவிட்டது, ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தாய். கோளாறு எதுவும் இல்லை. டீலர்களுக்குப் பாக்கிக் கடிதம் அனுப்பும் உன் புரோகிராம் 1,973 கடிதம் போனதும் நின்றிருக்கிறது. அன்று காலையில் அதே பெட்டியிலிருந்து உங்கள் அக்கவுன்ட்ஸ் அண்ணன் கையால் அனுப்பியவை 27. கூட்டிப் பார், சரியாக 2,000. கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய கடிதம் அவ்வளவுதான். சும்மா கிடைக்கும் ஜிமெயில் என்றால் 500.

பாவம் அந்த அண்ணன். மறுநாள் வரை கொட்டேஷனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார் என்கிறாய். இன்னொன்றையும் தெரிந்துகொள்: இந்தக் கணக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. கடந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்றுதான் பார்க்கும். இன்று மாலை நான்கு மணிக்கு எல்லையைத் தொட்டுவிட்டு நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால், நேற்றைய பாரம் இன்னும் முதுகில்தான் இருக்கும்.

கடிதத்தை எண்ணுவது ஒன்று, ஆளை எண்ணுவது வேறு. உன் ஒவ்வொரு கடிதத்திலும் ஏரியா சேல்ஸ்மேனுக்கும் மேனேஜருக்கும் நகல் போயிருக்கிறது. ஆக, ஒரு கடிதத்துக்கு மூன்று ஆள். 1,973 கடிதம் 5,919 ஆளாகிவிட்டது. வொர்க்ஸ்பேஸில் ஆள் கணக்கின் எல்லை நாளுக்கு 10,000. மைக்ரோசாஃப்ட் 365-லும் நாளுக்கு 10,000 பேர்தான். கூடவே நிமிடத்துக்கு 30 கடிதத்துக்கு மேல் கூடாது என்று ஒரு கடிவாளமும் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை. கம்பெனியின் பொது முகவரிப் புத்தகத்தில் 200 பேரை ஒரு குழுவாக வைத்திருந்தால் அது ஒரே ஆளாகக் கணக்காகும். அதே குழுவை உன் சொந்தத் தொடர்புப் பட்டியலில் வைத்திருந்தால் 200 பேராகவே எண்ணும்.

"காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறோம், எதற்கு இந்தக் கட்டுப்பாடு?" என்று உங்கள் மேனேஜர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவர் வாங்கியது ஒரு மனிதன் உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கான பெட்டி. மனிதன் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒரு நாளில் 2,000 கடிதம் எழுத மாட்டான். எழுதுகிறான் என்றால், அவன் பாஸ்வேர்டு வேறு யார் கையிலோ இருக்கிறது என்றுதான் சர்வர் முதலில் சந்தேகப்படும். திருட்டுப் போன பெட்டியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக லட்சம் மோசடிக் கடிதம் கிளம்பாமல் தடுப்பது இந்த எல்லைதான். தவிர, உங்கள் கம்பெனியின் கடிதம் போகும் அதே சர்வர் வழியாகத்தான் முன்பின் தெரியாத ஆயிரம் கம்பெனிகளின் கடிதமும் போகிறது. ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிற மாதிரி. ஒரு வீட்டுக்காரன் ஊரெல்லாம் கடன் சொன்னால் அடுத்த வீட்டுக்காரனுக்கும் மளிகைக் கடையில் மரியாதை குறையும்.

இந்த வம்பு இணையத்துக்கும் மூத்தது. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கலிஃபோர்னியாவில் எங்கள் புது இயந்திரத்தைக் காட்டுகிறோம், பார்க்க வாருங்கள் என்ற அழைப்பு. முகவரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டியிருக்கிறார்கள். முகவரிக்கான இடம் போதாமல் மீதிப் பெயர்கள் கடிதத்தின் உடலுக்குள் வழிந்து, பலருக்கு முதலில் கண்ணில் பட்டது முகவரி மூட்டைதான். திட்டு வாங்கினார், வியாபாரமும் நடந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார். ஸ்பேம் என்ற பெயர் இந்த விஷயத்துக்கு ஒட்டும் முன்பே நடந்த கதை இது.

சரி, உன் புரோகிராமுக்கு வருகிறேன். எல்லை வந்ததும் சர்வர் உனக்கு 550 என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்த எண்களுக்கு ஒரு மொழி உண்டு. 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்து வா.' 5-இல் தொடங்கினால் 'முடியாது, திரும்ப வராதே.' அந்த விதிப்படி 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள். ஆனால் உனக்கு வந்த வரியில் பக்கத்திலேயே 5.4.5 என்று இன்னொரு எண் இருக்கிறது, பார். முகவரியில் குற்றமில்லை, உன் ஒதுக்கீடு தீர்ந்தது என்பதுதான் அதன் செய்தி. முதல் எண்ணை மட்டும் படிக்கும் புரோகிராம் என்ன செய்யும் தெரியுமா? நல்ல டீலரையெல்லாம் செத்த முகவரி என்று பட்டியலிலிருந்து அடித்துவிடும். உன்னுடையது அதைச் செய்யவில்லை, பிழைத்தாய். ஆனால் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அதே கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பொறுத்து வா என்றால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டு போக வேண்டும். நாள் ஒதுக்கீடு தீர்ந்தது என்றால் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தப்பு மறுநாள் நடந்தது. மறுபடி ஓடவிட்டபோது அது பட்டியலின் முதல் ஆளிலிருந்து தொடங்கியிருக்கிறது. பாக்கி கேட்டு முதல் நாள் வந்த கடிதமே இரண்டாம் நாளும் வந்தால் எந்த டீலருக்குத்தான் கோபம் வராது? யாருக்கு எந்தக் கடிதம் போனது என்பதை ஒரு சின்ன அட்டவணையில் எழுதிக்கொண்டே போ. அனுப்பும் முன் அதைப் பார்த்துவிட்டு அனுப்பு. பேரேடு எழுதத் தெரிந்த எந்தக் கணக்குப்பிள்ளையும் உனக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. நிலுவையில் இருந்தவை 2,600 பில். பில்லுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறாய். டீலர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன்: 940. ஒரு டீலருக்கு அவருடைய பில்களையெல்லாம் ஒரே கடிதத்தில் அடுக்கியிருந்தால் பாதி எல்லையைக்கூடத் தொட்டிருக்க மாட்டாய். மேனேஜருக்கு 2,600 நகல் எதற்கு? மாலையில் ஒரே ஒரு தொகுப்பு போதாதா?

இன்னும் இரண்டு மெயில் பெட்டி வாங்கி, மூன்றிலிருந்தும் பிரித்து அனுப்பினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே. எல்லையை ஏய்க்கப் பெட்டிகளைப் பெருக்குவதைத்தான் ஸ்பேம் அனுப்புகிறவனும் செய்கிறான். சர்வருக்கு உன்னையும் அவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெட்டி எத்தனையானாலும் டொமைன் ஒன்றுதான். கெட்டால் அதன் பெயர்தான் கெடும். அண்ணனின் கொட்டேஷனும் அப்புறம் ஸ்பேமுக்குள்தான் போய் விழும்.

கல்யாணப் பத்திரிகை ஆயிரம் அச்சடித்தவர் தெருமுனைத் தபால் பெட்டியில் திணிக்க மாட்டார், கட்டுக் கட்டாக அஞ்சலகத்துக்கே கொண்டுபோவார். அப்படி இயந்திரம் அனுப்பும் கடிதங்களுக்கென்றே தனிச் சேவைகள் இருக்கின்றன. அமேசானின் எஸ்.இ.எஸ். ஒன்று. புதிதாகச் சேர்ந்தவரை அது முதலில் நாளுக்கு 200 கடிதத்தோடு நிறுத்திவைக்கும். நீ யார், எதற்கு அனுப்புகிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கதவைத் திறக்கும். திரும்பி வரும் கடிதம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் உன்னைக் கண்காணிப்பில் வைக்கும், பத்தைத் தாண்டினால் நிறுத்தியே வைக்கலாம். நம் சென்னை ஸோஹோ இந்த வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். பில், ரசீது, ஓ.டி.பி. போல ஒருவருக்கென்றே போகும் கடிதத்துக்கு ஸெப்டோமெயில். தள்ளுபடி விளம்பரத்துக்கு கேம்பெயின்ஸ். இரண்டையும் கலந்தால் விளம்பரத்தின் பாவம் ரசீதின் தலையில் விழும்.

புதுச் சேவையைச் சேர்த்ததும் உங்கள் டொமைன் பதிவுகளில் மூன்று வேலை இருக்கிறது. எந்தெந்த சர்வர் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப். கடிதத்தில் குத்தும் முத்திரை டிகிம். இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு டிமார்க். எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. பலரும் வழுக்கி விழும் படி அது.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 கடிதம் அனுப்பும் டொமைனுக்கு இந்த மூன்றும் கட்டாயம். விளம்பரக் கடிதம் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஒரு தடவை 5,000-ஐத் தொட்டுவிட்டால் பிறகு குறைத்துக்கொண்டாலும் 'மொத்தமாக அனுப்புகிறவர்' என்ற பெயர் போகாது. நீங்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் உண்டு. உன் 940 டீலர்களும் ஜிமெயில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். மூன்று பேர் எரிச்சலில் அந்த ஸ்பேம் பட்டனை அழுத்தினால் கோட்டைத் தாண்டிவிட்டாய். ஒரே பாக்கிக் கடிதத்தை இரண்டு நாள் வாங்கியவர்களில் மூன்று பேர் கிடைக்க மாட்டார்களா என்ன!

லாகில் திரும்பி வந்த முகவரிகளையும் பார்த்தேன். பதினொன்று இருந்தன. அதில் நாலு 'ஜிமியல்' என்று முடிகின்றன. தட்டச்சில் வந்த பிழை. அந்த நால்வருக்கும் போன் போட்டு முகவரியைக் கேட்டுத் திருத்து. மீதி ஏழு பேரைப் பற்றி அக்கவுன்ட்ஸ் அண்ணனிடம் கேள், இரண்டு பேர் கடையையே மூடிவிட்டதாக அவருக்குத் தெரிந்திருக்கும். போகும்போது அவருக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடு.

அன்புடன்,
உன் பெரியப்பா