மஷூராவின் மாண்பு

 

கடையில் நஷ்டம் வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? பேரேட்டை மூடி வைக்கிறோம். பங்காளியிடம் மறைக்கிறோம். ஊரிலுள்ள வீட்டாரிடம் "எல்லாம் சுகம்" என்கிறோம். மானம் போய்விடுமே என்ற அச்சமே காரணம். ஆனால் மறைத்த கடன் வளரும். மறைத்த கவலை மனிதனை அரிக்கும். இதற்கு மார்க்கம் காட்டும் மருந்து மஷூரா, அதாவது கலந்தாலோசித்தல். திருக்குர்ஆனின் 42-ஆவது அத்தியாயத்திற்கே 'ஷூரா' என்பதுதான் பெயர்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் குறைஷிகள் தடுத்தார்கள். அவ்வாண்டு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு உடன்படிக்கை ஏற்பட்டது. தோழர்களின் உள்ளம் உடைந்தது. குர்பானிப் பிராணிகளை அறுத்து முடி களையும்படி பெருமானார் மும்முறை கூறியும் ஒருவரும் எழவில்லை.

பெருமானார் கூடாரத்திற்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். அன்னையார் தோழர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் அதைச் செய்யவேண்டும் என்பதுதானே தங்கள் விருப்பம் என்று முதலில் கேட்டார்கள். பிறகு, யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, தங்கள் ஒட்டகத்தை அறுத்து, முடி களைபவரை அழைக்கும்படி யோசனை சொன்னார்கள். பெருமானார் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள்.

1,400 பேரை எழுப்புவது எப்படி என்ற பெரிய கேள்வி, இப்போது நம் கையால் செய்யக்கூடியது எது என்ற சிறிய கேள்வியாக மாறியது. நல்ல ஆலோசகரின் இலக்கணம் இதுவே: முழுவதும் கேட்பது, நோக்கத்தைத் தெளிவாக்குவது, முதல் அடியைக் காட்டுவது.

நமது ஜொகூரையே பாருங்கள். 2020 மார்ச் 18 முதல் பாலத்தின் வழியே மக்கள் போக்குவரத்து தடைபட்டது. 2022 ஏப்ரல் 1-இல்தான் அது மீண்டும் தாராளமாயிற்று. சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை நம்பிய நாணயமாற்றுக் கடைகளும் உணவுக்கடைகளும் வாடின. எல்லையைத் திறப்பது நம் கையில் இல்லை. கட்டிட உரிமையாளரிடம் வாடகை பற்றிப் பேசுவதும், கடன் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்லித் தவணை கேட்பதும் நம் கையில் இருந்தன. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி திருமறையும் கூறுகிறதல்லவா?

சங்கக் காரியங்களிலும் இதுவே முறை. சந்தா வரவில்லை, வாலிபர்கள் வரவில்லை என்று கூட்டந்தோறும் கண்டிப்பதால் பயனில்லை. நிர்வாகிகள் முதலில் தங்கள் பங்கைச் செலுத்தட்டும். வாலிபர்களை அருகில் அமர்த்தி, அவர்கள் விருப்பம் என்னவென்று கேட்கட்டும்.

கஷ்டத்திலிருக்கும் சகோதரர் நம்மிடம் வந்தால் உடனே உபதேசம் செய்யாதிருப்போம். ஒரு தேநீர் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, "நாளை காலையில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்போம். அவர் கேட்ட இரகசியத்தை அமானிதமாகக் காப்போம்.

வல்ல நாயன் நமக்கு நல்லறிவும் ஒற்றுமையும் தந்தருள்வானாக! ஆமீன்.