லென்ஸ் மாற்ற இயலாத காமிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

கண்ணால் கண்டதைக் கண நேரத்தில் பிடித்து நிறுத்திவைக்கும் கருவி காமிரா. கைப்பேசியின் வழியாக இன்று அது எல்லோருடைய சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் நான்கு இலட்சம், ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்து, லென்ஸைக் கழற்றவோ மாற்றவோ முடியாத ஒரு சிறிய காமிராவை வாங்குவோர் இருக்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? வாங்குகிறவர் எதை முதலில் பார்க்க வேண்டும்? மேல்நிலைப் பள்ளியில் நாம் படித்த ஒளியியலையும் ஒத்த முக்கோணங்களையும் கொண்டே இவ்வினாக்களுக்கு விடை காண முடியும். அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முழுச்சட்டம் என்றால் என்ன?

ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்னும் ஒளியியல் தொழிற்சாலையில் பணியாற்றியவர் ஆஸ்கர் பர்னாக். 35 மி.மீ. அகலமுள்ள சினிமாப் படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 18 மி.மீ.க்கு 24 மி.மீ. பர்னாக் அதை இரட்டித்து, 24 மி.மீ.க்கு 36 மி.மீ. ஆக்கினார். அந்த அளவில் படம் பிடிக்கும் 'லைக்கா' காமிரா 1925-இல் லைப்சிக் வசந்தக் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அந்த முதல் லைக்காவிலும் லென்ஸைக் கழற்ற முடியாது, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. லென்ஸ் மாற்றும் வசதி 1930-இல்தான் வந்தது. ஆகவே நாம் பேசவிருக்கும் காமிரா புதுமையன்று; பழைய வடிவத்தின் மறுபிறவி எனலாம்.

படச்சுருள் இருந்த இடத்தில் இப்போது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சென்சார் இருக்கிறது. அது அதே 36 x 24 மி.மீ. அளவில் இருந்தால் 'ஃபுல் ஃபிரேம்', அதாவது முழுச்சட்டம் என்கிறார்கள். இதன் பரப்பு 864 சதுர மி.மீ. அடுத்த சிறிய அளவான 'ஏபிஎஸ்-சி' சென்சார் சுமார் 23.5 x 15.6 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 367 சதுர மி.மீ. ஒரே காட்சிக்கோணம், ஒரே எஃப் எண், ஒரே நேரம் என்றால் முழுச்சட்டம் சுமார் 2.4 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகச் சிதையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

லென்ஸை நிலையாகப் பொருத்துவதன் பயன்

கழற்றி மாட்டும் வளையம் இல்லாததால் லென்ஸின் பின்பகுதியைச் சென்சாருக்கு மிக அருகே கொண்டுவரலாம். காமிரா சிறிதாகிறது. ஒரே லென்ஸுக்கு ஒரே சென்சார் என்பதால் இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து அமைக்கலாம். மேலும், ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே இதழ் வடிவில் வைக்க முடிகிறது. அது ஓசையின்றி இயங்குவதோடு, அதிவேகத்திலும் ஃபிளாஷ் விளக்கோடு ஒத்துழைக்கிறது. இழப்பு ஒன்றுதான்: வாங்கும் நாளில் எந்தக் காட்சிக்கோணத்தைத் தேர்ந்தீர்களோ, காமிரா உள்ளவரை அதே கோணம்தான்.

சந்தைக்கு வந்தவை

டிஜிட்டல் காலத்தில் இவ்வகையைத் தொடங்கிவைத்தது சோனி நிறுவனம். 2012-இல் வந்த ஆர்எக்ஸ்1 காமிராவில் 24 மெகாபிக்சல் சென்சாரும், ஸைஸ் பெயர் தாங்கிய 35 மி.மீ. எஃப் 2 லென்ஸும் இருந்தன. 2015-இல் 42 மெகாபிக்சலுடன் ஆர்எக்ஸ்1ஆர் இரண்டாம் பதிப்பும், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் 61 மெகாபிக்சலுடன் மூன்றாம் பதிப்பும் வந்தன. லென்ஸ் அதே 35 மி.மீ.தான்.

லைக்கா நிறுவனம் 2015-இல் கியூ என்னும் காமிராவைக் கொண்டுவந்தது. லென்ஸ் 28 மி.மீ. எஃப் 1.7, சென்சார் 24 மெகாபிக்சல். 2019-இல் 47 மெகாபிக்சலுடன் கியூ2, 2023-இல் 60 மெகாபிக்சலுடன் கியூ3 ஆகியவை தொடர்ந்தன. 2024-இல் அதே கியூ3 உடலில் 43 மி.மீ. எஃப் 2 லென்ஸ் வைத்து இன்னொரு காமிரா வந்தது. ஸைஸ் நிறுவனமே 35 மி.மீ. லென்ஸுடன் இசட்எக்ஸ்1 என்ற ஒன்றை 2018-இல் அறிவித்து 2020-இல் விற்பனைக்கு விட்டது, அது நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் அறிமுக விலை சோனி மூன்றாம் பதிப்புக்குச் சுமார் 5,100 டாலர், கியூ3-க்குச் சுமார் 6,000 டாலர், 43 மி.மீ. கியூ3-க்குச் சுமார் 6,900 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வரி வேறு இருக்கிறது. இவ்வளவு பணம் போடுகிறவர் எந்த வரிசையில் கேள்வி கேட்க வேண்டும் என்பதே இனி நாம் காணப்போவது.

முதல் கேள்வி கோணம்

கடைக்காரரும் விளம்பரமும் மெகாபிக்சலில் தொடங்குவார்கள். நாம் கோணத்தில் தொடங்க வேண்டும். ஏனெனில் பின்னால் திருத்திக்கொள்ள முடியாதது அது ஒன்றே.

சென்சாரின் அகலம் 36 மி.மீ. குவியத் தூரம் 28 மி.மீ. என்றால், மூன்று மீட்டர் தொலைவில் லென்ஸ் காணும் அகலம் 36/28 x 3; அதாவது 3.86 மீட்டர். ஒத்த முக்கோணங்களன்றி வேறில்லை. இவ்வாறே கணக்கிட்டால்:

28 மி.மீ. லென்ஸ்: 3.86 மீட்டர்
35 மி.மீ. லென்ஸ்: 3.09 மீட்டர்
43 மி.மீ. லென்ஸ்: 2.51 மீட்டர்

சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் நிறுத்திப் படம் எடுப்பவருக்கு 28 வேண்டும். கடைத்தெருவில் ஒரு மனிதரையும் அவர் தொழில் செய்யும் இடத்தையும் சேர்த்துக் காட்ட 35 ஏற்றது. ஒரே பொருளின்மேல் கண்ணை நிறுத்த விரும்புபவருக்கு 43 பொருந்தும். முழுச்சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ.; குவியத் தூரம் ஏறத்தாழ அந்த அளவில் உள்ள லென்ஸை இயல்பான பார்வை தருவது என்று சொல்வது மரபு.

வெட்டிக்கொண்டால் போதாதா?

"28 வாங்கிவிட்டு, வேண்டாத ஓரங்களை வெட்டிக்கொள்ளலாமே, அறுபது மெகாபிக்சல் இருக்கிறதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்கைப் பார்ப்போம்.

28 மி.மீ. படத்தை 43 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் மிஞ்சும் பங்கு 28/43-இன் வர்க்கம், அதாவது 0.424. அறுபது மெகாபிக்சல் 25 ஆகிறது. அச்சிட அது தாராளம். ஆனால் சென்சாரின் பரப்பும் அதே விகிதத்தில் குறைகிறதல்லவா? 864-ஐ 0.424-ஆல் பெருக்கினால் 366 சதுர மி.மீ. இது மேலே சொன்ன ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்புக்குச் சமம்! 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 271 சதுர மி.மீ.; ஏபிஎஸ்-சி அளவைவிடவும் சிறிது.

முழுச்சட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அன்றாடம் அதில் பாதிக்குமேல் வெட்டி எறிகிறவர், ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள விலை குறைந்த காமிராவையே பயன்படுத்துகிறார் என்பது இதன் பொருள். எப்போதாவது வெட்டுவது வசதி. எப்போதும் வெட்டுவது தவறான தேர்வின் அடையாளம்.

முகத்துக்கு என்ன ஆகும்?

தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரத்தைச் சட்டத்தின் நீளப் பக்கத்தில் நிரப்பிப் படம் எடுக்கிறோம் என்று கொள்வோம். 28 மி.மீ. லென்ஸுக்கு நாம் 47 செ.மீ. வரை நெருங்க வேண்டும். 35-க்கு 58 செ.மீ.; 43-க்கு 72 செ.மீ. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 10 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால், காதோடு ஒப்பிட மூக்கு 28-இல் 21 விழுக்காடும், 35-இல் 17 விழுக்காடும், 43-இல் 14 விழுக்காடும் பெரிதாக விழுகிறது. இது லென்ஸின் குறையன்று. நாம் நெருங்கிச் சென்றதன் விளைவு. முகங்களை நெருங்கி எடுப்பதில் விருப்பமுள்ளவர் 28-ஐத் தவிர்ப்பது நல்லது.

அட்டையும் நூலும்

தமக்கு எந்தக் கோணம் உகந்தது என்பதைக் காசு செலவின்றி அறிய ஒரு சோதனை உண்டு. பழைய நோட்டுப் புத்தக அட்டையில் 14.4 செ.மீ. நீளமும் 9.6 செ.மீ. அகலமும் உள்ள சன்னல் ஒன்றை வெட்டுங்கள். இது முழுச்சட்டத்தின் நான்கு மடங்கு. ஒரு நூலை அட்டையில் கட்டி, அட்டையிலிருந்து 11.2 செ.மீ., 14 செ.மீ., 17.2 செ.மீ. தூரங்களில் முடிச்சிடுங்கள். இவை 28, 35, 43 ஆகியவற்றின் நான்கு மடங்கு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணுக்கு ஒட்டினாற்போல் ஒரு முடிச்சைப் பிடித்து, நூல் விறைக்கும்படி அட்டையை நீட்டிச் சன்னல் வழியே பாருங்கள். அந்த லென்ஸ் எவ்வளவு காணுமோ அவ்வளவு தெரியும்.

ஒரு வாரம் பேருந்து நிலையம், சந்தை, வீடு, வகுப்பறை எங்கும் இதைக் கொண்டுசென்று, "இந்தக் காட்சியைப் படமெடுக்கலாம்" என்று தோன்றும்போதெல்லாம் எந்த முடிச்சு பொருந்தியது என்று குறித்துவையுங்கள். வார இறுதியில் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கைப்பேசி வைத்திருப்போருக்கு இன்னொரு சான்றும் உண்டு. பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் 24 முதல் 28 மி.மீ. வரையிலான கோணம் உடையது. எடுத்த படங்களையெல்லாம் பெரிதாக்கி வெட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் 28 உங்களுக்கு ஏற்றதன்று.

பின்னர் கேட்க வேண்டியவை

கோணம் முடிவான பிறகே மற்றவை. எஃப் 1.7 லென்ஸ், எஃப் 2-ஐவிட 1.38 மடங்கு ஒளி தரும், பெரிய வேறுபாடன்று. லைக்கா கியூ வரிசையில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு லென்ஸிலேயே உண்டு. சோனி ஆர்எக்ஸ்1 வரிசையில் இல்லை. அசையாத பொருளை மங்கிய ஒளியில் எடுக்க அது உதவும். ஓடும் குழந்தையை எடுக்க உதவாது. அங்கே ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

எடையில் சோனி முந்துகிறது. மூன்றாம் பதிப்பு சுமார் 500 கிராம். கியூ3 ஏறக்குறைய 740 கிராம். ஆனால் கியூ3-இன் பின்திரையைச் சாய்த்துப் பார்க்கலாம். சோனி மூன்றாம் பதிப்பில் திரை அசையாது. கியூ2 முதல் தூசி, தூறலைத் தாங்கும் காப்பும் உண்டு.

மெகாபிக்சலைக் கடைசியில் வைப்போம். 24 மெகாபிக்சல் என்பது 6000 x 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் அச்சிட்டாலும் 20 அங்குலத்துக்கு 13 அங்குலப் படம் கிடைக்கிறது. திருமண ஆல்பத்தின் 12 x 18 அங்குலப் பக்கத்துக்கு அதுவே போதும்.

பிழைப்புக்கு உதவுமா?

என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். திருமண வீடுகளில் படம் எடுத்துக் கிடைக்கும் வருவாயில்தான் வீடும் நடக்கிறது, என் படிப்பும் நடக்கிறது. சென்ற ஆண்டு இத்தகைய காமிரா ஒன்றின் படத்தைக் காட்டி, "தம்பி, நீ லென்ஸ் கணக்கெல்லாம் படிக்கிறியே, கடன உடன வாங்கி இத எடுத்தா தொழிலுக்கு ஆகுமா?" என்று கேட்டார். நான் கணக்கிட்டுச் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன்.

தாலி கட்டும் நேரத்தில் உறவினர் சூழ்ந்து நிற்க, படக்காரர் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க நேர்ந்தால், 28 மி.மீ. லென்ஸ் 6.4 மீட்டர் அகலத்தைக் காணும். அதில் மணமகளின் முகம் சட்டத்தின் அகலத்தில் மிகச் சிறிய பங்காகவே தேறும். 85 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதே இடத்திலிருந்து 2.1 மீட்டர் மட்டுமே சட்டத்துள் வரும். அந்த லென்ஸை இதில் மாட்ட வழியில்லை. இன்னொன்று, இக்காமிராக்களில் நினைவு அட்டை ஒன்றே ஒன்று. அது பழுதானால் மீண்டும் நடத்த முடியாத ஒரு சடங்கு தொலைந்துபோகும். இரண்டு அட்டை இடும் காமிரா உடலும் இரண்டு லென்ஸ்களும் அதே தொகையில், அதற்குக் குறைவாகவும் அமையும். பிறர் வீட்டு விசேஷத்தை நம்பி உழைப்பவருக்கு அதுவே முறை. அண்ணன் கடன் வாங்கவில்லை.

அப்படியானால் இக்காமிரா யாருக்கு? நாள்தோறும் கையில் எடுத்துச் செல்ல விரும்புபவருக்கு. ஓசையின்றி, பிறர் கவனத்தை ஈர்க்காமல் எடுக்க வேண்டியவருக்கு. தம் கோணம் இன்னதென்று ஏற்கெனவே அறிந்தவருக்கு. இதில் போடும் பணம் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவருக்கு.

பழையது வாங்குவோர் கவனிக்க

2012, 2015-ஆம் ஆண்டுக் காமிராக்கள் கைமாறி விற்பனைக்கு வருகின்றன. லென்ஸ் கழறாததால், உள்ளே தூசி புகுந்தால் நாமாகத் துடைக்க இயலாது. லென்ஸ் பழுதென்றால் முழுக் காமிராவும் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசி இருக்கிறது. மின்கலம் இப்போதும் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஆர்எக்ஸ்1-இல் பார்வைத்துளை உடலோடு அமைந்திருக்கவில்லை. தனியே வாங்கி மாட்ட வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்க.

முடிவுரை

தொழிலா, விருப்பமா என்பது முதல் தெளிவு. விருப்பம் என்றால் கோணம்; கோணத்துக்குப் பின் எடை, திரை, நடுக்கம் ஈடுசெய்தல்; அதன்பின் விலை; இறுதியில் மெகாபிக்சல். இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் விளம்பரங்கள் நம்மிடம் பேசுகின்றன. இக்காமிராவை நம்மில் எவரும் நாளையே வாங்கப் போவதில்லை. ஆனால் கடன் வாங்கியேனும் ஒரு கருவியை வாங்க நினைக்கும் ஒருவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும் இருக்கிறார். அவர் நம்மைத்தான் கேட்பார். அப்போது விலைப்பட்டியலை மட்டும் படித்துக் காட்டாமல், ஓர் அட்டையையும் நூலையும் எடுத்து அவர் கையில் கொடுக்க நமக்குத் தெரிந்திருந்தால், வகுப்பறையில் கற்ற ஒளியியல் வீட்டுக்கும் பயன்பட்டது என்று சொல்லலாம்.