ஸ்மார்ட் டெலஸ்கோப்: எந்த வானத்துக்கு எது?

வானம் பார்க்க ஆசைப்படும் பலரும் இன்று முதலில் விசாரிப்பது ஸ்மார்ட் டெலஸ்கோப்பைத்தான். மொட்டைமாடியில் வைத்துவிட்டு, கைபேசியில் ஒரு பெயரைத் தொட்டால் போதும். கருவியே விண்மீன்களைப் படம்பிடித்துத் தன் திசையைக் கண்டுகொண்டு, கேட்ட பொருளை நோக்கித் திரும்பிவிடும். 2023-ல் சீஸ்டார் எஸ்50 வந்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் யோசித்து வாங்கக்கூடிய பொருளாக இது ஆகியிருக்கிறது. ஆனால் மெகாபிக்சலையும் லென்ஸின் விட்டத்தையும் மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நீங்கள் பார்க்க விரும்புவது வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? அதை எங்கிருந்து பார்க்கப்போகிறீர்கள்? இந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணால் பார்க்கவா, படம் எடுக்கவா?

இங்கே பேசப்போகும் ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் எதிலும் கண் வைத்துப் பார்க்கும் வில்லை கிடையாது. உள்ளே இருப்பது கேமரா. வானம் உங்கள் கைபேசித் திரையில்தான் தெரியும்.

கிரகங்கள்தான் உங்கள் ஆசை என்றால் இவற்றை வாங்க வேண்டாம். எஸ்50-ன் சென்சாரில் ஒரு பிக்சல் வானத்தில் சுமார் 2.4 விகலையை (ஆர்க்செகண்ட்) அடைக்கிறது. வியாழனின் அகலமே 30 முதல் 50 விகலைதான். ஆக, மொத்த வியாழனும் சுமார் இருபது பிக்சலுக்குள் அடங்கிவிடும். சனியின் வளையம் ஒரு சிறு முட்டை வடிவமாகத்தான் தெரியும். கிரகங்களைப் பார்க்க 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியே சரி. 50 மி.மீ. லென்ஸைவிட ஒன்பது மடங்கு ஒளியைச் சேர்க்கும். வளையத்தையும் வியாழனின் பட்டைகளையும் நேரடியாகக் கண்ணுக்குக் காட்டும். விண்மீன் குழுக்களை இப்போதுதான் கற்கத் தொடங்குகிறீர்கள் என்றால் 10×50 பைனாகுலரே போதும்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்பின் பலம் வேறு. நெபுலாக்கள், விண்மீன் கொத்துகள், விண்மீன் மண்டலங்கள் என மங்கலான பொருள்களைத் துலக்கிக் காட்டுவதே அதன் வேலை. ஓரியன் நெபுலாவை நோக்கித் திருப்பிப் பாருங்கள். முதல் 10 விநாடிப் படத்தில் இரைச்சல் புள்ளிகளுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டு ஒன்று தெரியும். கருவி அடுத்தடுத்து படங்களை எடுத்து, விண்மீன்களைப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். நூறு படங்கள் சேரும்போது இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கால் மணி நேரம் கடந்தால் சிவப்புச் சிறகுகள் விரிந்திருக்கும். ஓரங்களில் கரிய தூசுப் பட்டைகளும் தெளிந்திருக்கும்.

நான்கு கருவிகள்

சீஸ்டார் எஸ்50: 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், 2.5 கிலோ எடை. ஒரே பார்வையில் சுமார் 1.3 × 0.7 பாகை வானத்தைக் காட்டும். நிலவும் கோளக் கொத்துகளும் இதில் அழகாகப் பொருந்தும். ஆண்ட்ரமீடா மண்டலம் 3 பாகை நீளம் என்பதால் நடுப்பகுதி மட்டுமே வரும். பக்கத்துப் பகுதிகளையும் எடுத்து ஒட்டும் மொசைக் முறையில் பரப்பைக் கூட்டலாம், ஆனால் அதற்கேற்ப நேரமும் கூடும்.

சீஸ்டார் எஸ்30: 30 மி.மீ. விட்டம், 1.65 கிலோ, 2.1 × 1.2 பாகை. பெரிய நெபுலாக்களுக்கு ஏற்றது. நுணுக்கம் எஸ்50-ஐவிடக் குறைவு, ஆனால் நான்கில் விலை குறைந்தது இதுதான்.

டுவார்ஃப் 3: 35 மி.மீ. விட்டம், 1.3 கிலோ, 2.9 × 1.7 பாகை. 4கே சென்சார் இருப்பதால் எஸ்30-ஐவிட அகலமாகவும் நுணுக்கமாகவும் எடுக்கும். பேருந்திலும் ரயிலிலும் தோள்பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது.

வெஸ்பெரா 2: பிரான்ஸின் வாவோனிஸ் நிறுவனத் தயாரிப்பு. 50 மி.மீ. விட்டம், 8.3 மெகாபிக்சல், 5 கிலோ. படத்தின் தரமும் கட்டமைப்பும் அருமை. ஆனால் விலை மற்றவற்றைப்போலப் பல மடங்கு. முதல் கருவியாக இதை வாங்கத் தேவையில்லை.

நம் அட்சரேகை சொல்வது

மேலைநாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்கும்போது நாம் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. நீண்ட நேரம் படம் எடுக்க, கருவியைத் துருவ அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் 'ஈக்யூ' முறையை அங்கே பலரும் பரிந்துரைக்கிறார்கள். தமிழ்நாடு 8 முதல் 13.5 பாகை அட்சரேகைக்குள் இருக்கிறது. அதாவது துருவ விண்மீன் அடிவானத்தை ஒட்டி மரங்களுக்குள்ளும் புகைமூட்டத்திலும் மறைந்திருக்கும். அச்சோ ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அப்படிச் சாய்த்தால் எடை ஒரு பக்கமாகத் தொங்கி, கூடவே வரும் சின்ன முக்காலியோடு கருவி கவிழக்கூடும். கனமான முக்காலி இல்லாமல் அந்த முறையில் இறங்காதீர்கள்.

சாதாரணமாக நேராக நிறுத்தியே நம் ஊரில் நல்ல படம் எடுக்கலாம். அப்படி வைக்கும்போது படம் மெல்லச் சுழலும். உச்சிக்கு அருகில் அந்தச் சுழற்சி மிக வேகம். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் ஏறக்குறைய இல்லை. ஓரியன் நமக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதிக்கிறது. அது தலைக்கு மேலே வரும்வரை காத்திருக்காமல், கிழக்கில் பாதி உயரம் ஏறியதுமே தொடங்குங்கள்.

தெற்கில் நமக்கு ஒரு பெரிய வரமும் இருக்கிறது. வானத்தின் மிகப் பெரிய கோளக் கொத்தான ஒமேகா செந்தாரி, மே மாத மாலைகளில் தென்வானில் சுமார் 30 பாகை உயரத்தில் நிற்கும். லண்டன்காரருக்கு அது எழுவதே இல்லை. எஸ்50-ன் பார்வைப் பரப்புக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும் பொருள் அது.

நகரமா, கிராமமா?

சென்னை, கோவை மாடிகளிலிருந்து எடுப்பவர்கள் இரட்டை அலைவரிசை வடிகட்டி உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். சீஸ்டார் இரண்டிலும் டுவார்ஃப் 3-லும் இருக்கிறது. வெஸ்பெராவுக்குத் தனியாக வாங்க வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் ஒளியை மட்டும் விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். உமிழ் நெபுலாக்களுக்கு இது பெரும் உதவி. விண்மீன் மண்டலங்கள் எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அவற்றுக்கு இது உதவாது. அவற்றை எடுக்க ஜவ்வாது மலை, ஏலகிரி போல இருள் மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் போக வேண்டும். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையின் காவலூரில் இருப்பது சும்மா இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்கள் கருவியைச் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சூரியனைப் பார்க்கும்போது சூரியனுக்கான முன்வடிகட்டியை மாட்டிய பிறகே கருவியைத் திருப்புங்கள். மறந்தால் சென்சார் கருகக்கூடும்.

முடிவாக

குழந்தைகளோடு வீட்டு மாடியில் நிலவும் கொத்துகளும் பார்க்க எஸ்50. பட்ஜெட் இறுக்கமென்றால் எஸ்30. பயணத்துக்கும் அகன்ற நெபுலாக்களுக்கும் டுவார்ஃப் 3. கிரகங்களைத் தன் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்பவருக்கு 6 அங்குல டாப்சோனியன். வாங்கும் மாதத்தையும் யோசியுங்கள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் வானத்தை மூடிவிடும். ஜனவரியில் கருவி கையில் இருக்குமாறு வாங்கினால், ஓரியனில் தொடங்கி ஒமேகா செந்தாரி வரை தெளிந்த மாதங்கள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும்.