வைக்கோலிலிருந்து எத்தனால்: கொள்முதலே முதல் பாடம்

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் முதலிட்டு அமைத்த எத்தனால் ஆலை, 2022 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர்தான்!

சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு எளிதில் நொதிக்கும். வைக்கோலில் சர்க்கரை நாருக்குள் பூட்டிக் கிடப்பதால், முதலில் என்சைம் சேர்த்துப் பிரிக்கவேண்டும். அது விஞ்ஞானிகள் பாடு.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்கவேண்டியது கொள்முதலை. ஆலை ஆண்டெல்லாம் ஓடவேண்டும். சரக்கோ அறுவடையான சில வாரங்களில்தான் கிடைக்கும். கட்டுக் கட்டி, நனையாமல், தீப்பிடிக்காமல் மாதக்கணக்கில் இருப்பு வைக்கவேண்டும். எடை சொற்பம், அடைக்கும் இடம் அதிகம். தூரத்திலிருந்து ஏற்றினால் லாரி வாடகையே முதலைத் தின்றுவிடும். கோதுமை விதைக்கும் அவசரத்திலுள்ள விவசாயிக்கோ தீக்குச்சி மலிவு. கட்டுப்படியாகும் விலையோடு, அந்தச் சில நாட்களுக்குள் வயலுக்கே செல்பவரிடம்தான் வைக்கோல் வந்துசேரும்.