உப்புக் காற்றில் கார் பாலிஷ்: ரேண்டம் ஆர்பிட்டல் இயந்திரமும் பேடும் (முக்கியக் குறிப்புகள்)

மோட்டார் மெக்கானிக், ஆட்டோ பாடி பெயின்டிங் பிரிவுகளில் தேர்வெழுதுபவர்களுக்கான குறிப்புகள் இவை. இராமநாதபுரம் முதல் தனுஷ்கோடி வரையுள்ள கரையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். காரின் பெயின்ட் எதனால் கெடுகிறது என்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

கரையும் காரும்

● இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகியவற்றை இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 87. பாம்பன் சாலைப் பாலத்தின் பெயர் அன்னை இந்திரா காந்தி பாலம். திறக்கப்பட்ட நாள் 2 அக்டோபர் 1988. தனுஷ்கோடியின் நிலமுனையான அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்பட்டது 2017இல். அதற்கு முன் மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். இன்று சொந்தக் கார்களே கடல் நடுவே நிற்கின்றன.

● சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடல் உப்பில் இரண்டும் உண்டு. ஆகவே இங்கே காரின் மேல் படிந்த உப்பு பெரும்பாலும் ஈரமாகவே கிடக்கும். துருவுக்கு வேண்டியது அதுதான்.

● அரிமானத்தை ஆராயும் நிறுவனம்: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (அடிக்கல் 1948, திறப்பு 1953). நிலமும் நிதியும் தந்தவர் அழகப்பச் செட்டியார். இதன் அரிமான ஆய்வு நிலையம் மண்டபம் கேம்ப்பில் உள்ளது.

● புதிய பாம்பன் ரயில் பாலம் திறப்பு: 6 ஏப்ரல் 2025. செங்குத்தாக உயரும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். உப்பைத் தாங்க இதற்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

எதைத் தேய்க்கிறோம்

● பாலத்துக்கு அந்தப் பூச்சு செய்யும் காவல் வேலையை, காரில் முதலில் செய்வது கிளியர் கோட். இரும்புத் தகட்டின் மேல் பாஸ்பேட், மின்படிவு பிரைமர், சர்பேசர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே கிளியர் கோட் என்பதே அடுக்கு வரிசை. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இதில்தான் இருக்கிறது.

● பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமமாக்குவது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது. கடற்கரைக் காருக்கு அடிக்கடி ‘ரப்பிங்’ போடச் சொல்வோரை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. உப்பு அதிகமுள்ள ஊரில் காவல் பூச்சை மெலிதாக்கிக்கொண்டே போவது எப்படிச் சரியாகும்?

● தடிமன் அளக்கும் கருவி இரும்பில் காந்தத் தூண்டல் முறையிலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் இயங்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு இரண்டும் உதவாது. மீயொலிக் கருவி வேண்டும்.

● மணலில் உள்ள குவார்ட்ஸின் மோஸ் கடினத்தன்மை 7. கண்ணாடிக்கே 5.5தான். தனுஷ்கோடி போய்வந்த காரைக் காய்ந்த துணியால் துடைத்தால் வட்டக் கீறல் உறுதி. பக்கவாட்டில் நீளக் கீறல் என்றால், கிராமச் சாலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலம் காரணமாக இருக்கலாம். இத்தகைய கீறல் நகத்தில் தட்டினால் பாலிஷுக்கு அடங்காது.

இயந்திரம்

● ரோட்டரி: ஒரே அச்சில் சுழலும், வேகமாக வெட்டும், சூடேற்றும், பழகாத கையில் ஹோலோகிராம் தடம் விடும். ரேண்டம் ஆர்பிட்டல்: பேடு ஒட்டும் தட்டு மைய அச்சிலிருந்து விலகிப் பொருத்தப்பட்டிருப்பதால் வட்டமடித்துக்கொண்டே தானும் சுழலும். ஒரே தடத்தில் திரும்ப ஓடாது. அதனால் சூடு குறைவு, தடமும் குறைவு.

● ‘த்ரோ’ என்பது அந்த வட்டத்தின் விட்டம். அச்சு விலகலைப் போல இரு மடங்கு. 8, 12, 15, 21 மி.மீ. வழக்கமான அளவுகள்.

● கணக்கு: நிமிடத்துக்கு 4,000 வட்டம் என்றால் பேடின் பாதை நீளம் = π × த்ரோ × 4,000. 8 மி.மீட்டருக்கு சுமார் 100 மீட்டர், 15க்கு 188, 21க்கு 264.

● பெரிய த்ரோ பெரிய பானெட்டுக்கும் கூரைக்கும் நல்லது. ஆனால் வளைவிலும் ஓரத்திலும் அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். பல்சக்கரத்தால் கட்டாயச் சுழற்சி தரும் வகையில் அப்படி நிற்காது. அதற்குப் பதில் சூடும் அதிர்வும் கூடும். முதல் இயந்திரம் வாங்குபவருக்கு 15 மி.மீ. த்ரோ, 125 மி.மீ. தட்டு, தானாகச் சுழலும் வகை என்பதே என் பரிந்துரை. நம் ஊரின் வளைவு நிறைந்த சிறிய கார்களுக்கு 21 மி.மீ. தேவையில்லை.

● தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்கிறதா நின்றதா என்று தெரியும்.

● இந்திய வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட் இயந்திரத்தை நேரடியாகச் செருகக் கூடாது. இயந்திரத்தில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இரட்டை மின்காப்பைக் காட்டும்.

பேடு

● முடிவைத் தீர்மானிப்பது இயந்திரத்தை விடப் பேடுதான். சுமாரான இயந்திரமும் நான்கைந்து நல்ல பேடும் இருந்தால் வேலை நடக்கும். விலை உயர்ந்த இயந்திரமும் ஒரே அழுக்குப் பேடும் இருந்தால் நடக்காது.

● வெட்டும் வரிசை, பொதுவாக அதிகத்திலிருந்து குறைவுக்கு: கம்பளி, மைக்ரோபைபர், கடின ஃபோம், மென் ஃபோம். மெதுவாகத் தொடங்குவதே முறை: முதலில் மென்மையான பேடில் ஒரு சிறு சதுரத்தைச் சோதித்து, கீறல் போகாவிட்டால் மட்டும் அடுத்த படி.

● நிறத்தை நம்பக் கூடாது. இத்தாலியின் ரூப்ஸ் நிறுவனத்தில் மஞ்சள் பேடு மென் வகை. லேக் கன்ட்ரி தட்டைப் பேடுகளில் மஞ்சள் வெட்டும் வகை. பொதுத் தரநிலை எதுவுமில்லை.

● தடித்த பேடு இயந்திரத்தின் அசைவைத் தன்னுள்ளேயே விழுங்கும். மெல்லிய பேடு அதைப் பெயின்ட்டுக்குக் கொண்டு சேர்க்கும். நடுத்துளை சூட்டை வெளியேற்ற. பேடு தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும். 125 மி.மீ. தட்டுக்கு 140 மி.மீ. பேடு பொருந்தும்.

● பேடைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி-வளையப் பட்டையைக் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால். அதிகச் சூட்டில் முதலில் உருகுவது அதன் கொக்கிகளே.

வேலை

● முதலில் நன்னீர் விட்டு உப்பையும் மணலையும் இறக்க வேண்டும். சக்கர வளைவும் அடிப்பாகமும் சேர்த்து. போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் காய்வதற்குள் துடைக்க வேண்டும். இல்லையேல் வெள்ளைப் புள்ளி படியும்.

● வெயிலில் நின்ற பானெட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பொடியாகும். நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்தபின் மட்டும்.

● பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை மறைக்கும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின்தான் உண்மை தெரியும். பிறகு சீலன்ட் அல்லது மெழுகு.

● துரு கொப்பளித்த இடத்தைப் பாலிஷ் குணப்படுத்தாது. அது சுரண்டல், பிரைமர், பெயின்ட் என்று டிங்கரிங் பட்டறையின் வேலை.

● கழுவிய பேடுகளைக் கடற்காற்றில் மொட்டை மாடியில் காயப்போடக் கூடாது; அறைக்குள், முகம் கீழ்நோக்காமல் வைத்துக் காய்ந்ததும் மூடிய டப்பாவில் அடுக்க வேண்டும். தரையில் விழுந்த பேடைக் கழுவாமல் மறுபடி பெயின்ட்டில் வைக்கக் கூடாது.