குப்பைக் குழாயருகே கற்ற பாடம்



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தோ பாயோவிலுள்ள எங்கள் இல்லத்தில் சிறிய பூஜை ஒன்று நடத்தினோம். 20 பேர் வருவார்கள் என எண்ணிச் சமைத்தேன். மழையினால் 11 பேரே வந்தனர். மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் குளிர்பெட்டியில் வைத்து மறந்தேன். ஞாயிறு இரவு அவற்றைப் பையில் கட்டிச் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டபோது, 87 வயதான என் மாமியார் பின்னால் நின்றிருந்தார். "சாமிக்குப் படைச்ச சோறும்மா அது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், மரவள்ளிக் கிழங்கால் பசியாறிய சிறுமி அவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆலயத்தில் அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கும் கைகள் இவை. அதே கைகள் வீட்டில் அன்னத்தை எறிகின்றனவே என்று வெட்கப்பட்டேன். ஒரு மாதம் எங்கள் வீட்டுக் குப்பையை எடை போட்டுப் பார்ப்பதென முடிவு செய்தேன்.

எங்கே போகிறது?

குழாயில் போட்டவுடன் பொருள் மறைந்துவிட்டதாக நினைக்கிறோம். சிங்கப்பூரில் எரியக்கூடிய குப்பை ஆலைகளில் எரிக்கப்படுகிறது. அதனால் அதன் பருமன் சுமார் 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியே செமக்காவ் தீவுக்குச் செல்கிறது. லோரோங் ஹாலுஸ் குப்பை நிலம் 1999 மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டபின், நாட்டில் குப்பை நிரப்ப இருக்கும் ஒரே இடம் அதுதான். 2035 வாக்கில் அதுவும் நிரம்பக்கூடும் எனக் கணித்திருக்கிறார்கள்.

சந்தித்த இடர்கள்

முதல் வாரக் குப்பை 9 கிலோ. பாதிக்கு மேல் உணவு: வாடிய கீரை, பாதி முட்டைக்கோஸ், புளித்த மாவு. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் இலவசமாக வந்தது பெரும்பாலும் குழாய்க்கே போயிருந்தது.

அடுத்தது பிளாஸ்டிக் பை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. துணிப்பை வாங்கி வைத்தேன். பலமுறை அதை வீட்டிலேயே மறந்தேன். ஈரச்சந்தையிலோ, "பை வேண்டாம்" என்று வாய் திறப்பதற்குள் கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிடுவார். பையே இல்லாமலும் முடியாது. ஈரக் குப்பையைக் கட்டித்தானே போட வேண்டும்! ரொட்டி வந்த பையை அதற்கு வைத்துக்கொண்டேன்.

எண்ணெய் ஒட்டிய போத்தலை அப்படியே நீலத் தொட்டியில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்றிருந்தேன். அத்தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு, உணவும் நீரும் பட்டு அழுக்கடைவது போன்ற காரணங்களால் மறுபயனீட்டுக்கு உதவுவதில்லை என்று பிறகே அறிந்தேன்.

பூஜைப் பூக்களையும் காய்த்தோலையும் தொட்டியில் மக்க வைத்தேன். ஈரம் மிகுந்து நாற்றமெடுத்தது. சிறு ஈக்கள் மொய்த்தன. பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஈரப்பொருளைவிடக் காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் கூடுதலாக இருக்க வேண்டுமாம். அப்படிச் செய்தபின் நாற்றம் நின்றது.

பெரிய இடர்

எல்லாவற்றிலும் பெரிய இடர் என் மனம்தான். விருந்தினருக்கு அளந்து சமைப்பது கஞ்சத்தனம் என்ற எண்ணம் அதில் ஊறியிருந்தது. மாமியாரே வழி காட்டினார்: "முதல்ல ஒரு பானை வையி. ஆள் கூடினா இன்னொரு பானைக்கு அரைமணி நேரம்தானே? மிஞ்சும்னு தெரிஞ்சா சூடா இருக்கும்போதே பக்கத்துல கொடு."

நான்காம் வாரக் குப்பை 5 கிலோ. பொட்டலக் குப்பை அதிகம் குறையவில்லை, குறைந்தது உணவே.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் கூறும் ஐந்து யமங்களுள் ஐந்தாவது அபரிக்கிரகம். தேவைக்கு மேல் ஏற்காமலும் சேர்க்காமலும் இருத்தல் என்பது அதன் பொருள். அது துறவிகளுக்கு உரியது என்றே எண்ணியிருந்தேன். குப்பை உண்டாவது எறியும்போது அன்று. வாங்கும்போதும், உலையில் அரிசி இடும்போதும்தான் என்பது புரிந்தபின், அது இல்லறத்தாருக்கும் உரிய பாடம் என உணர்ந்தேன்.

நாம் கடைப்பிடிக்கக்கூடியவை

1. கடைக்குச் செல்லுமுன் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தல்.
2. பூஜைக்கு அழைக்கும்போதே எத்தனை பேர் வருவார்கள் எனக் கேட்டறிதல்.
3. போத்தல், டின் ஆகியவற்றை அலசியபின் நீலத் தொட்டியில் இடுதல்.
4. ஆலயத்திற்குப் பால், பூ, பழம் வழங்குமுன் அன்றைய தேவையைக் கேட்டு வழங்குதல்.

இவ்வாண்டும் அதே பூஜையை நடத்தினோம். தாமதமாக வந்தவர்கள் இரண்டாவது பானைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. எவரும் முகம் சுளிக்கவில்லை. அன்றிரவு குழாயில் போடச் சோறு இல்லை. மாமியார் பானையை எட்டிப் பார்த்துவிட்டு உறங்கச் சென்றார்.

இறைவன் தருவதை அளவறிந்து ஏற்கும் மனத்தையும் அவனே நமக்கு அருள்வானாக.